உறவா, ஊரா? விண்வெளிக் கதைகள் எழுப்பும் தர்மக் கேள்வி

விஞ்ஞானக் கதைகள் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பெரியோரிடையே பரவலாக உண்டு. கூர்மையான காதும் பச்சை நிற இரத்தமும் உடைய மனிதர்கள், கண்மூடித் திறப்பதற்குள் கிரகம் விட்டுக் கிரகம் தாவும் கப்பல்கள், இவற்றில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். ஆனால் புராண இதிகாசங்களிலே வளர்ந்த ஒரு சமூகம் அப்படிக் கேட்பது பொருத்தமன்று. பத்துத் தலை அரக்கனும், பேசும் கழுகும், கடலைத் தாண்டும் வானரமும் உலவுகின்ற ஒரு கதையிலிருந்துதான் தர்மத்தின் நுணுக்கமான கேள்விகளைத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்திருக்கின்றனர். கதை மாந்தரின் உருவம் விசித்திரமாக இருக்கலாம். அவர்களுக்கு நேரும் சங்கடம் மனிதச் சங்கடமே.

அத்தகைய சங்கடங்களில் ஒன்று, விண்வெளிக் கதைகளை விரும்பும் இளைஞர்கள் ஓயாது வாதிடும் ஒன்று. பல்வகை உயிரினங்கள் வாழும் ஓர் அண்டத்தில் ஒருவனுடைய விசுவாசம் யாருக்கு உரியது? எந்த இனத்தில் பிறந்தானோ அந்த இனத்துக்கா? அல்லது எந்த மண்ணில் வாழ்கிறானோ, எந்த அரசின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக வாக்களித்தானோ, அதற்கா? இரண்டுக்கும் இடையே போர் மூண்டால் அவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

கடல் கடந்து குடியேறிய குடும்பங்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வியாக இருக்க முடியாது. வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகள் இதே கேள்வியை இரு பக்கமிருந்தும் கேட்கின்றனர். ஒரு பக்கம், "நீ எங்களில் ஒருவன்தானா?" என்று வாழும் நாடு கேட்கிறது. மறுபக்கம், "நீ நம்மவனாக இருக்கிறாயா?" என்று உறவு கேட்கிறது. ஆகவே அந்த இளைஞர்களின் வாதத்தைப் பெரியோரும் சற்றுக் காதுகொடுத்துக் கேட்பது நலம்.

ஒரே முகம், இரு அணிகள்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. மூன்றே பருவங்கள், 79 கதைகள், 1969இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் வாரிசுத் தொடர்களும் திரைப்படங்களும் அதன் பின் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டே இருந்தன. பல கிரகங்களின் பல இனங்கள் ஒரு சாசனத்தின் கீழ் ஒன்றுபட்ட ஒரு கூட்டமைப்பு. அதன் விண்படையைச் சேர்ந்த 'என்டர்பிரைஸ்' என்ற கப்பல். அதில் வல்கன் இனத்துத் தந்தைக்கும் பூமியைச் சேர்ந்த தாய்க்கும் பிறந்த ஸ்பாக் என்ற அதிகாரி. லெனார்டு நிமாய் நடித்த இந்த ஸ்பாக்கின் வடிவிலேயே இனமா நாடா என்ற கேள்வி தொடரின் தொடக்கத்திலிருந்தே கப்பலில் ஏறிவிட்டது.

1966 டிசம்பர் 15ஆம் தேதி ஒளிபரப்பான ஒரு கதையில் ரோமுலன் என்ற பகைவர் முதன்முதலாக முகம் காட்டுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் பூமி அவர்களோடு போர் புரிந்திருக்கிறது. ஆனால் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதைப் பார்த்தவர் இல்லை. இப்போது திரையில் பகைவனின் முகம் தெரிகிறது. அதே கூரிய காது, அதே வளைந்த புருவம். ஸ்பாக்கின் இனத்தை அப்படியே உரித்து வைத்த முகம். கப்பலில் இருந்த ஸ்டைல்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் முன்னோர் சிலரை அந்தப் பழைய போரில் பலிகொடுத்தவன், உடனே ஸ்பாக்கைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறான். கப்பல் தலைவன் கெர்க் அவனைக் கடுமையாகக் கண்டிக்கிறான். கதையின் முடிவில் விஷவாயு பரவிய அறையிலிருந்து அந்த ஸ்டைல்ஸின் உயிரைக் காப்பாற்றுவது ஸ்பாக்தான். பயிற்சி பெற்ற ஒரு மாலுமியைக் கப்பல் இழக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்ததாக, உணர்ச்சியைக் காட்டாமல், காரணமும் சொல்கிறான்.

அந்த ரோமுலன் தளபதியாக நடித்தவர் மார்க் லெனார்டு. அடுத்த ஆண்டு அதே தொடரில் ஸ்பாக்கின் தந்தை சாரெக்காகவும் அவரே நடித்தார். பகைவனுக்கும் தந்தைக்கும் ஒரே முகம் என்பது தற்செயலாக நேர்ந்ததாயினும், முகத்தைக் கொண்டு மனத்தை அளக்க முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

கதையில் ஸ்டைல்ஸ் செய்த தவற்றை நிஜ வாழ்வில் ஒரு நாடே செய்ததுண்டு. அதே கப்பலில் சுலு என்ற மாலுமியாக நடித்த ஜார்ஜ் டக்கேய் 1937இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பின், 1942 பிப்ரவரி 19ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணையின்படி, மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசல் இழந்து முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஐந்து வயதுச் சிறுவன் டக்கேயும் பெற்றோருடன் முதலில் ஆர்கன்சாவிலிருந்த ரோவர் முகாமுக்கும், பின்னர் கலிபோர்னியாவின் டூலி லேக் முகாமுக்கும் சென்றான்.

1943இல் அந்த முகாமில் இருந்த பெரியவர்களிடம் ஒரு விசுவாசப் படிவம் நீட்டப்பட்டது. அதன் 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் உண்டா, ஜப்பானியச் சக்கரவர்த்திக்கான விசுவாசத்தைத் துறக்கிறாயா என்று கேட்டது. அமெரிக்காவிலேயே பிறந்தவனுக்கு அந்தச் சக்கரவர்த்தி யாரோ ஒருவர். இல்லாத விசுவாசத்தை எப்படித் துறப்பது? ஜப்பானில் பிறந்து குடியேறிய முதியோருக்கோ அன்றைய சட்டம் அமெரிக்கக் குடியுரிமையே தரவில்லை. 1952 வரை தரவில்லை. இருக்கும் ஒரே நாட்டையும் துறந்தால் அவர்கள் நாடற்றவராகிவிடுவர். டக்கேயின் பெற்றோர் 'இல்லை' என்றே பதில் எழுதினர். அதனாலேயே அக்குடும்பம் டூலி லேக்குக்கு மாற்றப்பட்டது. வேறு பல குடும்பங்களின் புதல்வர்கள், பெற்றோர் முள்வேலிக்குள் இருக்கும்போதே, 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்து ஐரோப்பாவில் அமெரிக்காவுக்காகப் போரிட்டு மடிந்தனர். 'இல்லை' என்றவர்களும் துரோகிகளல்லர். போரிட்டவர்களும் இனத்தை விற்றவர்களல்லர். குற்றம் கேள்வியில் இருந்தது. 1988இல் அமெரிக்க அரசே மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் செய்தது.

1990இல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட் பந்தயத்தில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். முள்வேலிக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரம் அதிகம்தான். ஆயினும் வேர் ஒன்றே. பிறப்பால் வந்த பாசம் ஒருவனிடம் மிஞ்சியிருந்தால், வாழும் நாட்டுக்கு அவன் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும் என்ற அச்சமே அந்த வேர்.

இரத்தம் கேட்ட தாய்

இந்த அச்சம் சரிதானா என்பதை 1967 நவம்பர் 17ஆம் தேதி ஒளிபரப்பான மற்றொரு கதை சோதித்துப் பார்க்கிறது. பல கிரகங்களின் தூதர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் ஒரு மாநாட்டுக்குச் செல்கிறது. அவர்களில் ஒருவர் ஸ்பாக்கின் தந்தை சாரெக். மகன் தன் இனத்தின் அறிவியல் கழகத்தை விட்டு விண்படையில் சேர்ந்ததால் 18 ஆண்டுகளாக மகனோடு பேசாதிருந்தவர். வழியில் அவருக்கு இருதய நோய் முற்றுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு அரிய வகை இரத்தம் வேண்டும்; அதைத் தரத்தக்கவன் மகன் ஒருவனே. அதே நேரத்தில் கப்பல் தலைவன் கெர்க் கத்திக்குத்துப் பட்டுப் படுக்கையில் கிடக்கிறான். அடையாளம் தெரியாத ஒரு கப்பல் பின்தொடர்கிறது. தலைமைப் பொறுப்பு ஸ்பாக்கின் தோளில் விழுகிறது. ஒருவருக்காகக் கப்பலில் உள்ள அனைவரையும் ஆபத்தில் விட முடியாது என்று சொல்லி அவன் இரத்தம் கொடுக்க மறுக்கிறான். தாய் கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள், முடிவில் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போகிறாள்.

யார் சொன்னது சரி? தாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மகனின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கதை இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. காயம் ஆறாத கெர்க், வலியை மறைத்துக்கொண்டு, தான் குணமடைந்துவிட்டதாகப் பாவனை செய்து தலைமை இருக்கையில் வந்து அமர்கிறான். ஸ்பாக் போய்த் தந்தைக்கு இரத்தம் கொடுக்க அவன் வழிசெய்கிறான்.

இதில் ஓர் அரசியல் பாடமே அடங்கியிருக்கிறது. உறவுக்கும் ஊருக்கும் இடையே ஒருவன் தவிக்கும்போது, அவனைச் சோதித்துப் பார்ப்பது நல்ல ஊருக்கு அழகன்று. அவனுடைய சுமையில் ஒரு பகுதியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு, "போய் உன் தகப்பனைக் காப்பாற்று" என்று சொல்வதே அழகு. அப்படிச் சொல்லும் ஊருக்கு அவன் இன்னும் நெருக்கமாகிறான். ஸ்பாக் அந்தக் கப்பலை விட்டுப் போகவில்லை. விசுவாசம் என்பது கிள்ளிப் பார்த்து உண்டாக்குகிற பொருளன்று. நம்பிக்கை காட்டினால் தானே வளரும்.

தன் இனத்தவரைத் தொடாத இனம்

இனப்பற்றே தலையாயது என்று வாதிடுவோரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. அரசுகள் வரும், போகும். எல்லைக் கோடுகள் மாறும். இரத்தம் மாறாது என்பார்கள் அவர்கள். ஆபத்து வந்தால் முதலில் கதவைத் திறப்பவன் உறவுக்காரன்தான் என்பதும் அனுபவ உண்மை.

1993 முதல் 1999 வரை ஒளிபரப்பான 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற வாரிசுத் தொடர் இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய்க் காட்டுகிறது. அதில் ஒரு விண்வெளி நிலையத்தின் காவல் அதிகாரி ஓடோ. நடித்தவர் ரெனே ஓபர்ஷோனுவா. எந்த உருவமும் எடுக்கவல்ல உருமாறி இனத்தைச் சேர்ந்தவன் அவன்; தன் இனத்தார் எங்கே என்று அறியாமல் அந்நியரிடையே வளர்ந்தவன். 1994இல் வந்த கதையில் தன் இனத்தாரைக் கண்டுபிடிக்கிறான். அவர்கள் பொன்மயமான ஒரு கடல்போல ஒருவரோடொருவர் கலந்து வாழ்கின்றனர். ஓடோ பிறந்ததிலிருந்து ஏங்கிய வீடு அது. ஆனால் பல உலகங்களை அடிமைப்படுத்தி ஆளும் 'டொமினியன்' பேரரசை நிறுவியவர்களும் அவர்களே.

அந்த இனத்தாரிடம் ஒரு பெருமை உண்டு. எந்த உருமாறியும் இன்னோர் உருமாறிக்குத் தீங்கு செய்ததில்லை என்பதே அது. கேட்க எவ்வளவு உயர்வாக இருக்கிறது! ஆனால் அந்தப் பெருமையின் மறுபக்கத்தையும் கதை காட்டுகிறது. ஒரு காலத்தில் பிற இனத்தார் அவர்களை வேட்டையாடினர். அந்த அச்சத்திலிருந்து, பிற இனம் எல்லாவற்றையும் அடக்கி ஆண்டாலொழியத் தமக்குப் பாதுகாப்பில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டனர். தமக்குள்ளே ஒருவரையொருவர் தொடாதவர்கள், வெளியே எத்தனை உலகங்கள் அழிந்தாலும் கண்ணீர் விடுவதில்லை. இனத்துக்குள் அடைபட்ட கருணை இனத்துக்கு வெளியே கொடுமையாகிறது.

1995இல் வந்த கதையில், நண்பர்களின் கப்பலைக் கைப்பற்றிப் புதிய போர் ஒன்றை மூட்ட வந்த ஓர் உருமாறியோடு ஓடோ மோதுகிறான். அந்த மோதலில் அவன் கையாலேயே அவனுடைய இனத்தவன் மடிகிறான். அதற்குத் தண்டனையாக, மறு ஆண்டில் இனத்தார் அவனுடைய உருமாறும் ஆற்றலைப் பறித்து மனித உடலில் அடைக்கின்றனர். இனத்தின் சட்டப்படி அவன் மகாபாதகன். ஆனால் அவன் காப்பாற்றியது என்ன? தன்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தவர்களின் உயிரை. அவனுடைய விசுவாசம் ஒரு நிலப்பரப்புக்கோ ஒரு கொடிக்கோ உரியதாகத் தோன்றவில்லை. கொடுத்த வாக்குக்கும் நியாயத்துக்கும் உரியதாகவே தோன்றுகிறது.

மண்ணின் பக்கமும் மாசற்றதன்று

இவ்வளவோடு நின்றால், ஊரே உயர்ந்தது, உறவு தாழ்ந்தது என்று தீர்ப்பெழுதிவிடலாம். கதையாசிரியர்கள் அப்படி எளிதாக விடவில்லை.

1994இல் வந்த ஒரு கதையில், கூட்டமைப்பு தன் பகைவரான கார்டாசியருடன் உடன்படிக்கை செய்துகொண்டு எல்லைக் கோட்டை மாற்றி வரைகிறது. சில குடியேற்றக் கிரகங்கள் மறுபக்கம் போய்விடுகின்றன. அங்கே வாழும் மக்களை வெளியேறச் சொல்கிறார்கள். வட அமெரிக்கப் பழங்குடியினரின் வழித்தோன்றல்கள் குடியேறிய ஒரு கிரகத்தில் அந்த மக்கள் மறுக்கின்றனர். முன்னோர் காலத்திலேயே மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அவர்கள். மீண்டும் ஒருமுறை துரத்தப்பட மனமில்லை. கூட்டமைப்பின் குடியுரிமையைத் துறந்து, வேற்றினத்தாரின் ஆட்சியின் கீழேயே அந்த மண்ணில் தங்கிவிடுகின்றனர். வேறு கிரகங்களில் இருந்த குடியேறிகளோ ஆயுதம் ஏந்தி இரு அரசுகளுக்கும் எதிரிகளாகின்றனர். மண் என்பதும் அரசு என்பதும் ஒன்றல்ல என்பதையும், தொலைவில் கையெழுத்திடுபவனுக்கு எல்லை வெறும் கோடாகவும், அங்கே உழுதவனுக்கு அது வாழ்வாகவும் இருப்பதையும் இக்கதை உணர்த்துகிறது.

ஓடோவின் கதையிலும் ஊரின் மாசு வெளிப்படுகிறது. கூட்டமைப்பின் இரகசியப் பிரிவு ஒன்று, ஓடோ அறியாமலே அவன் உடலில் ஒரு நோயை ஏற்றி, அவன் மூலமாக அவனுடைய இனம் முழுவதையும் அழிக்கத் திட்டமிட்டிருந்தது. நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்பும், அதைப் பகைவருக்குக் கொடுப்பதில்லை என்று கூட்டமைப்பின் மன்றம் முடிவு செய்கிறது. தன் இனத்தையே எதிர்த்து அந்த ஊருக்காக நின்றவனுக்கு ஊர் அளித்த பரிசு இது. சாசனமும் சமத்துவமும் பேசும் அரசு, போர்க்காலத்தில் இனத்தைக் கொண்டே மனிதனை எடைபோடத் தயங்குவதில்லை என்பதை டூலி லேக் முகாமில் இருந்தவர்கள் நன்கு அறிவர்.

அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'இருளின் இடக்கை' என்று பொருள்படும் நாவலில் எஸ்ட்ராவன் என்ற முதலமைச்சர் வருகிறார். பனி மூடிய ஒரு கிரகத்தில் இரு நாடுகள் ஒரு பள்ளத்தாக்குக்காக மோதும் தறுவாயில் இருக்கின்றன. பல உலகங்களின் கூட்டுறவுக்கு அழைப்பு விடுக்க வெளியிலிருந்து ஒரு தூதன் வந்திருக்கிறான். எல்லைச் சண்டையைவிட அந்த அழைப்பே தன் மக்களுக்கு நன்மை என்று எஸ்ட்ராவன் கருதுகிறார். அதனால் துரோகி என்று பெயர் சூட்டி மன்னன் நாடு கடத்துகிறான். முடிவில் அவர் உயிர்விடுவது எல்லைக் காவலரின் துப்பாக்கிக்கு இரையாகி. ஆனால் அவர் விரும்பியபடியே அந்த நாடு கதவைத் திறக்கிறது. தாய்நாட்டை அவரைவிட அதிகமாக நேசித்தவர் அந்தக் கதையில் வேறு எவரும் இல்லை. அரசன் வரைந்த எல்லைக்குள் அந்த நேசம் அடங்கவில்லை, அவ்வளவே.

இலங்கையின் இரு சகோதரர்கள்

இந்த வாதம் இராமாயணம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. இனத்துக்கும் நியாயத்துக்கும் இடையே அகப்பட்ட இரு சகோதரர்களை அதில் காணலாம். இராவணன் செய்தது தவறு என்று விபீஷணனும் சொன்னான், கும்பகர்ணனும் சொன்னான். அண்ணன் கேட்கவில்லை. விபீஷணன் இனத்தையும் மண்ணையும் ஒருங்கே விட்டு இராமனிடம் சென்றான். கும்பகர்ணனோ, தவறு என்று தெரிந்தும், வளர்த்தவனின் சோற்றுக்கு உயிரைக் கொடுப்பதே கடன் என்று களம் புகுந்து மாண்டான். போர்க்களத்தில் தன்னை அழைக்க வந்த தம்பியிடம் கும்பகர்ணன் காட்டும் பாசத்தைக் கம்பர் பாடிய விதத்தில், எந்தப் பக்கத்து நியாயமும் குறைத்துக் காட்டப்படவில்லை.

தமிழ் மேடைகளிலே விபீஷணன் என்ற பெயர் காட்டிக்கொடுப்பவனுக்கு வசையாகவும் வழங்குவதுண்டு. வசைபாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவன் முதலில் ஓடிப்போகவில்லை. சபையில் எழுந்து நின்று, அண்ணனின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னான். அவமானப்பட்டுத் துரத்தப்பட்ட பிறகே போனான். போர் முடிந்தபின் இராவணனுக்கு ஈமக்கடன் செய்தவனும் அவனே. அழிந்த இலங்கையை ஏற்று ஆண்டவனும் அவனே. இனத்தை வெறுத்துப் போனவனுக்கு அந்தப் பொறுப்பு எப்படி வரும்?

ஓடோவின் கதை முடிவதும் இவ்வாறுதான். 1999இல் வந்த இறுதிக் கதையில் அவன் பகைவர் தலைவியை அணுகி, தன் உடலிலிருந்தே நோய் தீர்க்கும் மருந்தை அவளுக்கு அளிக்கிறான். போர் நிற்கிறது. அவள் விசாரணைக்கு உடன்படுகிறாள். பின்பு ஓடோ, தான் நேசித்த பெண்ணையும் நண்பர்களையும் விட்டு, நோயுற்ற தன் இனத்தாரின் கடலுக்குள் இறங்குகிறான். அவர்களைக் குணப்படுத்தவும், பிற இனத்தாரை நம்பலாம் என்று அவர்களுக்குக் கற்பிக்கவும் போகிறான். இனத்தின் அநியாயத்துக்கு உடன்படாதவன் ஒருவனே, கடைசியில் இனத்துக்கு வைத்தியனாகும் தகுதி பெற்றான்.

இங்கே வாழும் குடும்பங்களுக்கு

இவற்றிலிருந்து பெறத்தக்க கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடலாம். பிறந்த இனம் ஒருவனிடம் அன்பையும் நன்றியையும் கேட்கலாம்; அநியாயத்துக்குத் துணையாக நிற்கும்படி கேட்க முடியாது. வாழும் நாடு சட்டத்துக்குக் கீழ்ப்படிதலையும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதையும் கேட்கலாம். தாய் தந்தையரை, மொழியை, தெய்வத்தை மறக்கும்படி கேட்க முடியாது. இவ்விரண்டில் ஊருக்கு ஒரு சிறப்பு உண்டென்றால் அது இதுதான்: இனத்துக்குள் எவனும் விரும்பி நுழைய முடியாது, நல்ல ஊருக்குள் அந்நியனும் வாக்குக் கொடுத்து நுழையலாம். நுழைந்தபின் ஊர் தவறும்போது திருத்தவும் உரிமை பெறலாம். முகாமில் அடைபட்டவர்களும் அவர்களின் சந்ததியினரும் அந்த உரிமையைப் பயன்படுத்தியதால்தான் 1988இல் மன்னிப்புக் கிடைத்தது.

ஆகவே பிள்ளைகளின் விசுவாசத்தைக் கிரிக்கெட் கைதட்டலால் அளக்கும் வெளியாரின் போக்கு எவ்வளவு தவறோ, அவர்கள் எந்த மொழியில் கனவு காண்கிறார்கள், யாரை மணக்கிறார்கள் என்பதைக் கொண்டு அளக்கும் வீட்டாரின் போக்கும் அவ்வளவு தவறே. இரண்டும் ஸ்டைல்ஸின் பார்வைதான்.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. கடல் கடந்த சமூகங்களில், "நம்மவரை நாமே காட்டிக்கொடுக்கலாமா?" என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. மனைவியை அடிப்பவனைப் பற்றிப் பேச்சு எழும்போதும், ஊரிலிருந்து வேலைக்கு அழைத்து வந்தவனுக்குச் சம்பளம் கொடுக்காத முதலாளியைப் பற்றிப் பேச்சு எழும்போதும், பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கப்படும்போதும் அந்தச் சொல் எழுகிறது. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவரை விலக்கி வைப்பதும்கூட வெளியே தெரியக் கூடாத வீட்டு விஷயமாகிவிடுகிறது. உருமாறிகளின் பெருமை இதுவேயல்லவா? அதிலும் அவர்கள் தமக்குள் தீங்கு செய்யாதிருந்தனர். இங்கேயோ தீங்கு செய்தவனும் நம்மவன், தீங்குக்கு ஆளானவனும் நம்மவன் என்றிருக்க, இனத்தின் பெயரால் முன்னவனே காப்பாற்றப்படுகிறான். பிள்ளைகள் இதைக் கவனிக்கின்றனர். கோயிலுக்கும் சங்கத்துக்கும் வருவதை அவர்கள் நிறுத்துவதற்கு வெளிநாட்டு மோகமே காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது; உள்ளே கண்டதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்வதே கடினம்.

சபையில் எழுந்து நியாயம் பேசும் பிள்ளையை விபீஷணன் என்று ஏசித் துரத்தும் சமூகம், பின்னாளில் தனக்கு வைத்தியன் இல்லாமல் தவிக்கும். அந்தப் பிள்ளைக்குப் பேச இடம் கொடுத்து, கேட்டு, திருந்தும் சமூகத்தை விட்டு அவன் போக வேண்டிய அவசியமே எழாது. இராவணன் சபையில் கேட்க ஆளிருந்திருந்தால் இரு சகோதரரும் இலங்கையிலேயே இருந்திருப்பார்கள்.

கங்கைக்கரை வேடன் குகன், வானர அரசன் சுக்கிரீவன், அரக்கர் குலத்து விபீஷணன் ஆகிய மூவரையும் ஒருவர்பின் ஒருவராகத் தன் தம்பியரோடு எண்ணிச் சேர்த்துக்கொண்டான் கம்பரின் இராமன். ஊரையும் உறவையும் ஒன்றாக வைத்து, எல்லா ஊரும் தன்னூரே, எல்லா மக்களும் தன் உறவே என்ற பொருள்படப் புறநானூற்றின் 192ஆம் பாட்டைப் பாடினார் கணியன் பூங்குன்றனார். விண்மீன்களுக்கு இடையே பறக்கும் கப்பல்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் அந்தக் கப்பல்களில் செல்வோர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் விடை அவர்களிடம் இருந்தது. இனி அந்த விடையைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகக் கற்பிப்பதோடு நில்லாமல், சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே பெரியோர் நடந்துகாட்டுவது நல்லது.